கைப்பிடி அரிசியும் தோர்ணக்கல் வண்டியும்

நம்ம திருநெல்வேலிக்காரர்கள் நிஜாம் ராஜ்ஜியத்துக்கு மிஷனெரிகளாக வந்தார்கள் என்ற விஷயம் ஹைதராபாத்தில் இருக்கிற தமிழர்களிலேயே பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலரும், "ஆமா, ஆந்திராப் பக்கம் போனாங்க இல்ல?" என்று ஏதோ பக்கத்து ஜில்லாவுக்குப் போன மாதிரி சொல்கிறார்கள். 1904-ல் பாளையங்கோட்டையிலிருந்து அந்த ராஜ்ஜியத்துத் தோர்ணக்கல்லுக்கு வருவது அப்படி இல்லை. அன்றைக்கு இங்கே ரூபாய் வேறு, தபால்தலை வேறு, ரயில் கம்பெனி வேறு. அரசாங்கக் கச்சேரியில் உருது, வயலில் தெலுங்கு. வந்தவர்களுக்கு இரண்டும் தெரியாது. இன்றைய அர்த்தத்திலும் அது வெளிநாட்டு ஊழியம்தான்.

நாங்கள் இருப்பது திருமுல்கேரியில். செகந்திராபாத் கண்டோன்மென்ட்டின் வடக்குப் பக்கம். எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு ராணுவச் சுவர் வந்து நிற்கும். 1860-ல் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காகக் கட்டின சிவப்புக் கல் ஆல் செயின்ட்ஸ் கோயில் இங்கேதான் இருக்கிறது. மதராஸ் பட்டாளத்தோடும் அதற்குச் சாமான் கொடுத்த வியாபாரிகளோடும் வந்த தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் இந்தப் பக்கமெல்லாம் பரவியிருக்கிறார்கள். லால் பஜாரில் காய்கறி வாங்கும்போது பின்னாலிருந்து தமிழ் கேட்கும். திரும்பிப் பார்த்தால் நாலு தலைமுறையாக இங்கேயே இருப்பவராக இருப்பார். இவர்களின் முன்னோர்கள் பட்டாளத்தோடு வந்தார்கள், கூடவே சம்பளமும் ரேஷனும் இருந்தது. நான் சொல்ல வருவது வேறு விதமாக வந்தவர்களைப் பற்றி. அவர்களை அனுப்பியது கைப்பிடி அரிசி.

கைப்பிடி அரிசி என்றால் என்ன என்று திருநெல்வேலிச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சோறு பொங்க அரிசி அளந்து எடுத்ததும், அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனியாக ஒரு கலயத்தில் போட்டுவிட வேண்டும். அது கர்த்தருக்கு. வாரக் கடைசியில் கலயத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். எங்கள் ஆச்சி வீட்டில் அடுப்புக்குப் பக்கத்துப் பிறையில் அந்தக் கலயம் இருந்தது. நான் உலை வைக்கக் கற்றுக்கொண்ட வயதில், "ஏட்டி, எடுத்து வச்சியா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். குழம்புக்கு உப்புப் போட்டாயா என்றுகூட அப்புறம்தான் கேட்பாள். ஒரு நாள் அரிசி குறைவாக இருந்தது. "இன்னைக்கு வேண்டாம் ஆச்சி, நாளைக்கு ரெண்டு பிடியா போட்டுருவோம்" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் உலை அரிசியிலேயே கைவிட்டு ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டாள். அன்றைக்கு எல்லோருக்கும் சோறு கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுதான். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

அந்த அரிசி எங்கே போகிறது என்று அந்த வயதில் நான் கேட்டதில்லை. அதில் ஒரு பங்கு எங்கே போயிருக்கும் என்பது இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, தோர்ணக்கல் என்ற பெயரை ரயில் அட்டவணையில் பார்த்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

அந்த அரிசியைத் தோர்ணக்கல்லோடு சேர்த்து வைத்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவர் பிறந்தது வெள்ளாளன்விளையில், 1874 ஆகஸ்ட் 17-ல். அப்பா தாமஸ் வேதநாயகம் அந்தச் சபையின் ஐயர், அதாவது போதகர். அம்மா எலன். ஒரு பெண் பிறந்து பதின்மூன்று வருஷம் குழந்தை இல்லாமல், ஆண் பிள்ளை வேண்டும் என்று ஜெபித்துப் பெற்றதால்தான் சாமுவேல் என்று பெயர். பைபிளில் அன்னாள் தன் மகனுக்கு வைத்த அதே பெயர். எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. அன்னாள் பிள்ளையைக் கேட்டுப் பெற்றாள், பெற்ற பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாள். எலன் அம்மாவின் வீட்டிலும் நன்றி என்பது வாயால் சொல்லி முடிக்கிற காரியமாக இருக்கவில்லை.

அசரியா சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். 1898-ல் அன்பு மாரியம்மாளை மணந்தார், வரதட்சணை வாங்கவில்லை. தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிவரை போய்ப் படித்த முதல் சிலரில் ஒருவர் அன்பு. 1902-ல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கேதான் அவருக்கு ஒரு அடி விழுந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் ஒரு ஊழியரை அனுப்பி வைத்திருந்தார்கள். எங்கே? கடல் தாண்டி, நம் தொண்டிப் பக்கம்! அமெரிக்க மிஷனெரிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816-ல். அதற்கு நாலு வருஷம் கழித்து மிஷனெரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தார். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் மிஷனெரிகளிடமிருந்து வாங்கின ஊர்கள். யாழ்ப்பாணம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. அதைவிடப் பெரிய திருநெல்வேலிச் சபை இன்னும் வாங்கிக்கொண்டே இருந்தது.

ஊர் திரும்பி அடுத்த வருஷமே, 1903 பிப்ரவரி 12 அன்று, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியாயிற்று. வெளிநாட்டுக் காசு வாங்குவதில்லை என்பது அடிப்படை. ஆளும் நம் ஆள், பணமும் நம் பணம், நிர்வாகமும் நம்முடையது. முதல் மிஷனெரி சாமுவேல் பாக்கியநாதன். போன இடம் தோர்ணக்கல்.

இதில் எழுதப்படாத ஒரு பகுதி உண்டு. நான் நினைத்து நினைத்துப் பார்ப்பது அதைத்தான். ஒரு தேரிக்காட்டு ஊரில் பனையேறிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி. வருஷத்தில் பாதி நாள் கருப்பட்டிதான் வருமானம். அரிசியே விசேஷம். அவள் எடுத்து வைக்கிற பிடி அரிசி, கோயிலில் ஏலம் போய், காசாகி, சங்கத்துக்குப் போய், மணியார்டராகி, அவள் பார்க்கவே போகாத ஒரு நாட்டில், அவளுக்குப் புரியாத பாஷை பேசும் ஒரு மாலா, மாதிகா சேரியில் ஒரு வாத்தியாருக்குச் சம்பளமாகிறது. அந்தச் சேரிக்காரர்கள் தொரைகள் என்கிற நிலச்சுவான்தார்களின் நிலத்தில் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்கிறவர்கள். இரண்டு பக்கமும் ஏழைகள். நடுவில் எந்தப் பணக்காரரும் இல்லை. மிஷன் சரித்திரம் என்று எடுத்தால் லண்டனும் பாஸ்டனும்தான் வரிசையாக வரும். இந்தச் சங்கிலிக்கு அதில் இடம் கிடைப்பதில்லை என்பதில் எனக்கு ஆதங்கம் உண்டு.

எங்கள் ஊர்ப் பக்கம் ஸ்தோத்திரப் பண்டிகை பார்த்திருக்கிறீர்களா? நெல் மூட்டை, வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, கால் கட்டின கோழி, ஓலைக் கொட்டானில் முட்டை, பனங்கிழங்கு, கருப்பட்டிச் சிப்பம். எல்லாம் கோயிலுக்கு வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். பத்து ரூபாய் கத்தரிக்காய் நூறு ரூபாய்க்குப் போகும். எடுத்தவரே அதை மறுபடி கோயிலுக்குக் கொடுத்துவிடுவார், அது திரும்பவும் ஏலத்துக்கு வரும். வெளியூர்க்காரர் பார்த்தால் என்ன கணக்கு இது என்று தோன்றும். நன்றி சொல்வது என்றால் எங்களுக்கு இதுதான். கையில் ஏதாவது இருக்க வேண்டும். கோழி என்றால் கோழி.

சரி, வாங்குகிற பக்கம் என்ன நடந்தது? எனக்கு இதைப் புரிய வைத்தது ஒரு அக்கா.

அவரும் அவர் வீட்டுக்காரரான அண்ணனும் தெற்கத்திக்காரர்கள்தான். வடக்கே ஒரு மலைக்கிராமத்தில் பல வருஷமாக ஊழியம். ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் செகந்திராபாத்தில் வண்டி மாற வேண்டியிருந்தால் எங்கள் வீட்டில் ஒரு இரவு தங்குவார்கள். மிஷனெரி வீட்டு அன்றாடம் எப்படி இருக்கும் என்று ஜெபக் கடிதத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. அக்கா பெட்டியைத் திறக்கும்போது தெரியும். ஊரிலிருந்து திரும்பும் பெட்டி என்றால் புளி, நல்லெண்ணெய், சுக்கு, கருப்பட்டி, குழந்தைகளுக்கு முறுக்கு, தையல் ஊசி, நாலைந்து வகைக் காய்ச்சல் மாத்திரை. ஊருக்குப் போகும் பெட்டி என்றால் பாதி காலி. மீதியில் அந்தக் கிராமத்தார் கொடுத்த ஏதாவது. ஒருமுறை காய்ந்த இலுப்பைப் பூ இருந்தது. "இது எதுக்கு அக்கா?" என்றேன். "எதுக்கோ. ஒரு பாட்டி வெயில்ல நின்னு பொறுக்கிக் கொடுத்தா. விட்டுட்டு வர மனசு வரல" என்றார்.

அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. முன்பக்கத்திலிருந்து செலவுக் கணக்கு. பின்பக்கத்திலிருந்து வேறொரு கணக்கு. அதை எனக்குக் காட்டினார். தேதி, பெயர், பெயருக்கு எதிரே கிடைத்தது. இரண்டு முட்டை. ஒரு கட்டுக் கீரை. கூரை ஒழுகினபோது ஏறிச் சரிசெய்தது. கிணற்றிலிருந்து தண்ணீர், இரண்டு குடம். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரி கூட இருந்தது. இப்படிப் பக்கம் பக்கமாக.

"இதெல்லாம் திருப்பிக் கொடுக்கவா?" என்று கேட்டேன்.

"கொடுத்து முடியுமா தங்கச்சி? மறக்காம இருக்கத்தான். நாங்க கொடுக்கப் போறோம்னுதானே ஊர்ல ஜெபம் பண்ணி, மாலை போட்டு அனுப்பினாங்க. போய்ச் சேர்ந்தா எங்களுக்கு அடுப்பு மூட்டத் தெரியல. அந்த ஊர் விறகு வேற, மழை வேற. பேசத் தெரியல. மூணு வயசுப் பிள்ளை எனக்கு வார்த்தை சொல்லிக் கொடுத்துச்சு. முதல் ரெண்டு வருஷம் வாங்கினதுதான். வாங்கத் தெரியாதவளா இருந்தா அந்த ஊர்ல ஒரு மாசம் தாங்கியிருக்க மாட்டேன்."

அவருடைய பிள்ளைகள் டோனாவூர் சந்தோஷ வித்யாலயாவில் விடுதியில் இருந்து படித்தார்கள். ஊழியக்காரர்களின் பிள்ளைகளுக்கென்றே நடக்கிற பள்ளிக்கூடம் அது. விடுமுறைக்கு வந்து திரும்பும்போது ரயிலடியில் அழுகிற பிள்ளைகள், அழாத மாதிரி நிற்கிற அம்மா. அதைப் பற்றி அக்கா எப்போதாவது ஒரு வரி சொல்வார், அதோடு பேச்சை மாற்றிவிடுவார். நானும் தோண்டிக் கேட்பதில்லை.

வாங்கத் தெரிய வேண்டும் என்று அக்கா சொன்னதைத்தான் 1910-ல் எடின்பரோவில் அசரியா சொன்னார் என்று நான் நினைக்கிறேன். உலக மிஷனெரி மாநாடு அது. ஆயிரத்து இருநூறு பிரதிநிதிகளுக்கு மேல். ஆசியாவிலிருந்து வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. முப்பத்தைந்து வயது அசரியா எழுந்து, மிஷனெரிகள் செய்த தியாகங்களுக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு நண்பர்களாகவும் இருங்கள் என்று கேட்டார். நெஞ்சில் அறைகிற மாதிரி இருந்த பேச்சு என்று அந்த மாநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அதைக் குறிப்பிடாமல் போவதில்லை. எத்தனையோ வருஷம் கூட வேலை செய்தும் ஒரு இந்திய ஊழியரின் வீட்டுப் படியேறாத, அவரைத் தன் மேஜைக்கு அழைக்காத மிஷனெரிகள் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உயிரைக் கொடுக்கத் தயாராக வந்தவர்கள்தான் அவர்கள். ஒரு வாய் சோறு வாங்கிச் சாப்பிட மட்டும் வரவில்லை. கொடுப்பவர் கை எப்போதும் மேலேயே இருந்தால் வாங்குபவர் எத்தனை தரம் நன்றி சொன்னாலும் அது நட்பாகாது. நன்றி இரண்டு பக்கமும் ஓட வேண்டும்.

இதைப் பேச்சோடு விடவில்லை என்பதுதான் அசரியாவிடம் எனக்குப் பிடித்தது. 1909-லேயே குடும்பத்தோடு தோர்ணக்கல்லுக்கு வந்துவிட்டார். தெலுங்கு கற்றார். சைக்கிளிலும் மாட்டு வண்டியிலும் கிராமம் கிராமமாகப் போனார். 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர் ஆனார். அழுக்கு, நோய், கடன், குடி என்று நாலு பேய்கள் என்பார். இந்த நாலையும் விரட்டாமல் சுவிசேஷம் சொல்லிப் பயனில்லை என்று நினைத்தவர். அன்பு அம்மாள் பெண்களுக்குள் வேலை செய்தார். பெண்களோடு தரையில் உட்கார்ந்து பேசாத நாள் அவருக்கு இருந்திருக்காது என்பது என் ஊகம்.

தோர்ணக்கல் சபைகளிலும் கைப்பிடி அரிசி வந்தது. ஊருக்கு ஊர் தானியம் மாறியிருக்கும், பழக்கம் ஒன்றுதான். அன்றைக்கு எத்தனை பேர் இதைத் தப்பாக நினைத்திருப்பார்கள்! தொரைக்குக் கடன்பட்டு, ஒரு வேளைக் கஞ்சி குடிக்கிறவனிடம் காணிக்கை கேட்பதா? அசரியா கேட்டார். கொடுப்பதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். தலைமுறை தலைமுறையாகக் கையேந்த மட்டுமே வைக்கப்பட்ட மனிதனுக்கு, கொடுக்கவும் உன்னால் முடியும் என்று சொல்வது அவனை எங்கே உட்கார வைக்கிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு மாதிகாப் பெண் கோயிலுக்கு ஒரு பிடி தானியம் கொண்டுவந்து கொட்டும்போது, தேரிக்காட்டுப் பெண்ணுக்குச் சமமாக நிற்கிறாள்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சில ஊழியப் பத்திரிகைகளில் படம் போடுவார்கள். கம்பளி வாங்கினவர்கள் வரிசையாக நிற்பார்கள், கை கூப்பி, கண் கலங்கி. கீழே, உங்கள் காணிக்கையால் வந்த கண்ணீர் என்கிற மாதிரி ஒரு குறிப்பு. அனுப்பியவருக்கு ரசீது காட்ட வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் அந்தக் கம்பளிக்காரரின் நன்றியை நாம் ஏன் அச்சடிக்க வேண்டும்? அக்காவின் நோட்டைப் போல, அந்தக் கம்பளிக்காரர் நமக்கு என்ன கொடுத்தார் என்று ஒரு பத்தி எழுதலாமே.

தோர்ணக்கல்லுக்கு ஒரு ஞாயிறு பார்த்து நானும் என் வீட்டுக்காரரும் போனோம். விஜயவாடா பக்கம் போகிற வண்டி. காசிப்பேட்டை, வாரங்கல், மகபூபாபாத் தாண்டி மூன்றரை, நாலு மணி நேரம். ஸ்டேஷனில் சிங்கரேணி நிலக்கரி ஏற்றின சரக்கு வண்டி நின்றது. நிஜாம் காலத்தில் அந்தச் சுரங்கத்துக்காகக் கிளைப் பாதை பிரித்ததால்தான் தோர்ணக்கல் ஜங்ஷனே ஆனது.

பேராலயத்தைத் தூரத்திலிருந்து பார்த்தவுடன் என் வீட்டுக்காரர், "மசூதியா?" என்றார். குவிமாடமும் மினார்களும் அப்படித்தான். உள்ளே போனால் கோயில் மண்டபத்தில் நிற்கிற மாதிரி கல்தூண்கள். திருமுல்கேரிக் கோயிலைப் போல ஊசிக்கோபுரம் இல்லை. அசரியா வேண்டுமென்றேதான் அப்படிக் கட்டினார். இந்த மண்ணில் நிற்கிற கோயில் இந்த மண்ணுக்குச் சொந்தமானதாகத் தெரிய வேண்டும் என்று. கட்டி முடிக்கப் பல வருஷம் ஆனது. 1939 ஜனவரி 6-ல், பிரசன்னத் திருநாள் அன்று பிரதிஷ்டை. ஆறே வருஷத்தில், 1945 ஜனவரி 1-ல், காய்ச்சல் கண்டு அவர் அங்கேயே இறந்தார்.

ஆராதனை முழுக்கத் தெலுங்கில். எனக்கு இத்தனை வருஷத்தில் தெலுங்கு வந்துவிட்டது. அதற்கும் ஒருத்திக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், எங்கள் பக்கத்து வீட்டம்மா. "அன்னம் தின்னாரா?" என்று தினமும் மதில் மேல் எட்டிக் கேட்டே எனக்குப் பாஷை சொல்லிக் கொடுத்தவர். காணிக்கை நேரத்தில் சில பெண்கள் காசோடு பையில் அரிசியும் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாவிடம் நாங்கள் திருநெல்வேலிப் பக்கம் என்று சொன்னேன். "அசரியாகாரு ஊரா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆராதனை முடியும்வரை விடவில்லை. முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டார். கோங்குராப் பச்சடியும் முட்டைக் குழம்பும். மறுக்க முயன்ற என் வீட்டுக்காரரைப் பார்த்து, "உங்க ஊர் அரிசி நாங்க சாப்பிடலையா?" என்று ஒரே கேள்வி. அவர் உட்கார்ந்துவிட்டார்.

மதமாற்றம் பற்றிய வாதமும் இந்தக் கதையோடு ஒட்டித்தான் இருக்கிறது. 1930-களில் காந்தியார் கூட்டம் கூட்டமாக நடக்கும் மதமாற்றத்தைக் கடுமையாக எதிர்த்தார். தோர்ணக்கல் அத்தியட்சாதீனமோ அந்தக் காலத்தில்தான் வேகமாக வளர்ந்தது. 1912-ல் ஐம்பதாயிரத்துச் சொச்சம் இருந்தவர்கள் 1941-ல் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். அரிசிக்கும் பாலுக்கும் மதம் மாறினார்கள் என்ற பேச்சு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த மக்கள் எதற்காக மாறினார்கள் என்று அவர்களுக்காக நான் பதில் சொல்ல மாட்டேன். அந்தப் பதில் அவர்களுடையது. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லலாம். அரிசி வாங்கத்தான் வந்தார்கள் என்று சொல்லப்பட்டவர்களின் பேத்திகள் அரிசி கொண்டுவந்து கொட்டியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: செகந்திராபாத்திலிருந்து காலையில் கிளம்பினால் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஞாயிறு ஆராதனையைப் பிடிக்க வேண்டுமென்றால் சனிக்கிழமையே போய் வாரங்கல்லில் தங்கிவிடுவது நல்லது. தெலுங்கு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஆராதனை முறை நமக்குப் பழகினதுதான், எங்கே எழ வேண்டும், எங்கே முழங்கால்படியிட வேண்டும் என்று தானாகத் தெரியும். வெறுங்கையோடு போகாதீர்கள். ஊரிலிருந்து வந்த கருப்பட்டி இருந்தால் கொஞ்சம் எடுத்துப் போங்கள். யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள்.